பிடி அரிசியும் யாரும் இல்லாத பெண்ணும்

1

போன மாதம் எங்கள் வீட்டு முன்னறையில் நிதிக் கமிட்டி கூடியது. ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகள் நிற்கிற துண்டை ஒரு சீன முதலாளி வாங்கியிருந்தார். தீபாவளிக்குள் முன்பணம் கட்டினால் நிலத்தை அவர்களுக்கே தருவதாகவும், இல்லாவிட்டால் காலி செய்துவிட வேண்டும் என்றும் அவர் சொல்லிவிட்டார். அந்த முன்பணத்தைத் திரட்டத்தான் கமிட்டி. அதற்குத் தலைவன் நான்.

இதைப் படிக்கும் திருச்சிக்காரர்களில் என்னை அறிந்தவர்கள் சிரிப்பீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. ஆனால் இங்கே தமிழ்ப் பள்ளிக்குக் கூரை போட வேண்டுமா, மயானத்துக்குக் கொட்டகை வேண்டுமா, எதற்கு வசூல் என்றாலும் என் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுகிறார்கள். எப்படி இந்த வேலைக்கு வந்தேன் என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அன்று கமிட்டியில் சந்திரன் ஒரு யோசனை சொன்னார். இங்கேயே பிறந்த பிள்ளை, ஆங்கிலப் பள்ளியில் வாத்தியார், நல்ல மனது.

"அண்ணே, கடை கடையா போயி உக்காந்துக்கிட்டிருந்தா தீபாவளி வந்துடும்லா. டவுன்ல ஒரு மீட்டிங் போடுவோம். லயத்துல இருக்கிற அந்த அஞ்சலைய மேடையில ஏத்துவோம். புருஷன் செத்துட்டான், ரெண்டு பிள்ளைங்க, சொந்தம்னு சொல்ல ஒரு ஆள் கிடையாது. மைக்கு முன்னாடி அவ ஒரு வார்த்த சொன்னாப் போதும்ணே. அழுதுகிட்டே குடுப்பாங்க."

என் மனைவி மரகதம் காப்பித் தட்டோடு வந்தவள் அதை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றாள்.

"அவ சம்மதிச்சாளா தம்பி?"

"கேட்டுட்டேன்கா. வரேன்னுட்டா."

"வரேன்னுதான் சொல்லுவா" என்றாள் மரகதம். "நானும் அப்படித்தான் சொன்னேன்."

சந்திரனுக்குப் புரியவில்லை. மற்றவர்கள் காப்பியை எடுத்துக்கொண்டார்கள். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவள் வெளியாள் முன்னால் அந்தப் பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை. நான் குடிக்காமல் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

2

காந்தி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் மீரான் ராவுத்தர் என்று ஒருவருடைய அரிசி மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன் நான். ராவுத்தரின் தம்பி சயரோகத்தில் செத்துப்போனார். அந்த துக்கத்தில் அவரும் ஒரு டாக்டரும் இன்னும் சில வியாபாரிகளும் சேர்ந்து எடமலைப்பட்டி புதூருக்கு அப்பால் பொட்டலில் ஒரு விடுதி வைத்தார்கள். நாதியற்ற சயரோகிகளுக்கு இலவச விடுதி. ஓட்டுக் கொட்டகை, கயிற்றுக் கட்டில், சுற்றிலும் கருவேல மரம். அதற்குச் சோறு போட ராவுத்தர் கண்ட வழிதான் பிடி அரிசி. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஆள் போய் வாங்கி வருவான்.

அந்த ஆளாக என்னைப் போட்டார். பயந்துபோனேன்.

"எனக்குப் பேச வராதுங்களே ஐயா."

"பேச வர்றவனா பாத்து நாலு பேர அனுப்பிட்டேன் தம்பி. பேசிப் பேசியே வீட்டுக்காரங்கள வெரட்டிட்டானுங்க. நீ போ. போயி நில்லு. அது போதும்."

அதைத்தான் செய்தேன். வீடுகளில் சைக்கிள் மணியை அடித்துவிட்டு வாசலில் நிற்பேன். கடைகளுக்குப் போனால் ஓரமாக உட்கார்ந்துவிடுவேன். கேட்க மாட்டேன். கேட்க வராது. கடைக்காரர் என்னைப் பார்ப்பார், வியாபாரத்தைப் பார்ப்பார், திரும்ப என்னைப் பார்ப்பார். சின்னக்கடை வீதியில் ஓர் இரும்புக் கடை முதலாளி ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்தினார்.

"என்னய்யா, மலைக்கோட்டையத் தூக்கிட்டு வந்து எங்கடையில வெச்ச மாதிரி உக்காந்திருக்க! வர்ற கிராக்கியெல்லாம் ஒம்மூஞ்சியப் பாத்துட்டு எளவு வீடுன்னு நெனச்சுத் திரும்பிப் போகுது. இந்தா, எடுத்துக்கிட்டு எந்திரி."

அடுத்த மாதம் நான் போனதுமே கொடுத்துவிட்டார். அதற்கடுத்த மாதம் நான் வரவில்லை என்று ஆள் அனுப்பிக் கேட்டார்.

ஆரம்பத்தில் ஒரு தப்பு செய்தேன். எல்லா வீட்டு அரிசியையும் ஒரே சாக்கில் வாங்கிக்கொண்டேன். விடுதிச் சமையல்காரி அதை உலையில் போட்டாள். ஸ்ரீரங்கத்துப் பச்சரிசி குழைந்து கூழாகிவிட்டது. பாலக்கரைப் புழுங்கலரிசி வேகாமல் கடித்தது. வாய் வெந்துபோன நோயாளிகள் தின்ன முடியாமல் தட்டைத் தள்ளினார்கள். சமையல்காரி கரண்டியோடு வெளியே வந்தாள்.

"ஏம்ப்பா, ஸ்ரீரங்கத்தையும் பாலக்கரையையும் ஒரே பானையில போட்டா வேகுமாப்பா? நீ எந்த ஊரு?"

அதற்குப் பிறகு சைக்கிளில் இரண்டு சாக்கு. இடப்பக்கம் பச்சரிசி, வலப்பக்கம் புழுங்கல். காவிரிப் பாலத்தில் எதிர்க்காற்றில் மிதித்து வரும்போது எந்தப் பக்கம் கனம் என்று இடுப்பு சொல்லும்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ஆண்டாளம்மாள் என்று ஒருவர். படியில் சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நான் கீழே நிற்க வேண்டும். அவர் மடி கெடாமல் மேலே இருந்தபடி அரிசியைச் சாய்ப்பார். ஒரு மணிகூட வெளியே சிந்தாது.

"தளிகைக்கு அரிசி களையறச்சே ஒரு பிடி எடுத்து வெச்சுடறேன்டாப்பா. பெருமாள் பாத்துண்டிருக்கார். நீ அந்த வியாதிக்காராளத் தொடறதில்லையோன்னோ?"

"இல்லீங்கம்மா. ஸ்டோர்ல குடுத்துட்டு வந்துடுவேன்."

எல்லா வீட்டிலும் இந்தக் கேள்விதான். சில வீடுகளில் அதுவும் கேட்கமாட்டார்கள். பானையை வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

3

என் மகன் செல்வத்துக்கு இங்கே நான் செய்கிற வசூல் வேலையில் வெட்கம். முன்பெல்லாம் சனிக்கிழமை வசூலுக்கு என்னோடு வருவான். குடியுரிமைக்காக நான் சர்க்கார் ஆபீசுக்குப் போனபோது அவனைத் துணைக்கு அழைத்துப் போனேன். அதோடு நின்றுவிட்டான்.

மலாய் மொழியில் கேள்வி கேட்டார்கள். கடை வேலை போக வேறென்ன செய்கிறாய் என்று கேட்டது விளங்கியது. வசூல் என்பதற்கு எனக்கு வார்த்தை தெரியவில்லை. கேட்பது என்பதற்கு ஒரு சொல் தெரியும். அதைச் சொன்னேன். அதிகாரி பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரரிடம் ஏதோ சொன்னார். அவரும் சிரித்தார். செல்வம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வெளியே வந்ததும் கேட்டேன், "என்னய்யா சொன்னாங்க?"

"பிச்ச எடுக்குறதுக்கு லைசென்ஸ் குடுக்கிறதில்லன்னு சொன்னாங்கப்பா."

பஸ்ஸில் அவன் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டான். இப்போது அவனும் தங்கையும் தங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள். நாங்கள் அறைக்குள் போனால் நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாத விஷயம் எங்களிடமும் ஒன்று இருந்ததால் நான் குறை சொல்ல முடியவில்லை.

4

மரகதத்தை நான் கட்டி அப்போது ஒரு வருஷம் ஆகவில்லை. உறையூரில் ஒண்டுக்குடித்தனம். அவளுக்குச் சளியில் ரத்தம் வந்தது. விடுதி டாக்டரிடமே காட்டினேன். அவர் அவள் நெஞ்சில் தட்டிப் பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்து வந்தார்.

"ஊசி போட்டா பொழைக்கும். வீட்டுல வெச்சுக்கிட்டா பொழைக்காது."

ஊசி அப்போது புதிது. எங்கள் மாதிரி ஆட்கள் வாங்கக்கூடிய பொருள் இல்லை. விடுதியில் சேர்த்தால் இலவசம். ஆனால் விடுதி நாதியற்றவர்களுக்கு மட்டும் என்பது அதைத் தொடங்கியவர்கள் வைத்த விதி. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அரிசி வாங்க வருகிறவன் பெண்டாட்டிக்கே சயம் என்று ஒரு வீதிக்குத் தெரிந்தால் போதும், மறுநாள் இரண்டு ஊரிலும் ஒரு கதவு திறக்காது. கொட்டகையில் படுத்திருந்த அத்தனை பேருக்கும் அந்த அரிசிதான் சோறு.

ராவுத்தரும் டாக்டரும் நானும் மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தோம். வெளியே வண்டிப் பலகையில் உட்கார்ந்திருந்த மரகதம் எழுந்து வந்தாள்.

"எனக்கு யாரும் இல்லேன்னே வெச்சுக்குங்க. தாய் தகப்பன் இல்லாதவதானே நான். பாதி உண்மதான்."

தாலியையும் மெட்டியையும் கழற்றி மஞ்சள் துணியில் முடிந்து என் கையில் கொடுத்தாள். நான் அதை இடுப்பில் செருகிக்கொண்டு, உறையூர் வீட்டைக் காலி செய்துவிட்டு மண்டியிலேயே படுத்துக்கொண்டேன். பிறகு அந்த முடிச்சோடுதான் வீதி வீதியாக நின்றேன்.

விடுதியில் அவள் இருந்த கொட்டகை ஸ்டோருக்கு எதிரே. நான் அரிசி இறக்கப் போகும்போது மணியடிப்பேன். அவள் திண்டில் இருக்கும் தன் தம்ளரை எடுத்துக் கவிழ்த்து வைப்பாள். அவ்வளவுதான் பேச்சு. ஒருநாள் தம்ளர் கவிழவில்லை. மூட்டையை இறக்காமல் நின்றேன். சமையல்காரி வந்து, "அந்தப் புதுப் பொண்ணுக்குக் காய்ச்சல், அனத்துது, யாரும் இல்லாத பொண்ணு பாவம்" என்றாள். தலையை ஆட்டினேன். மூட்டையை இறக்கினேன்.

5

அரிசி சோறாகும், ஊசி ஆகாது. விடுதியில் ஊசி தீர்ந்துகொண்டே வந்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு சத்திரத்தில் பொதுக்கூட்டம் போடுவது என்று முடிவாயிற்று. நோயாளி ஒருவரை மேடையில் நிறுத்தினால்தான் ஜனங்களுக்கு மனது இளகும் என்று வியாபாரிகளில் ஒருவர் சொன்னார். எழுந்து நிற்கக்கூடியவர்களில், பிறருக்கு ஒட்டாது என்று டாக்டர் உறுதியாகச் சொல்லக்கூடியவள் மரகதம் ஒருத்திதான்.

ராவுத்தர் என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, நீ வேணாம்னா வேணாம். ஒரு வார்த்த சொல்லு."

எனக்குப் பேச வரவில்லை. அவர் பிறகு அவளிடமே கேட்டார். அவள் வருகிறேன் என்றாள்.

கூட்டத்தன்று சத்திரம் கொள்ளவில்லை. ஆண்டாளம்மாள் வந்திருந்தார். சின்னக்கடை வீதியே வந்திருந்தது. தொட்டியத்திலிருந்து வாழைத்தோப்புக்காரர் ஒருவர் தார் தாராக வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். வெளுத்த புடவை, வெறும் கழுத்து, மேடையில் மரகதம் நின்றாள். நான் மேடைக்குக் கீழே இரண்டு கையாலும் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை நீட்டினால் அவள் காலைத் தொட்டிருக்கலாம்.

கூட்டத்துக்குத் தலைமை வகித்த வக்கீல் குனிந்து கேட்டார். "பயப்படாம சொல்லும்மா. உனக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்லீங்க."

"அப்பா, அம்மா, அண்ணன், தம்பி?"

"யாருமே இல்லீங்க."

அவள் அழவில்லை. அழாமல் சொன்னதுதான் அவர்களை உலுக்கிவிட்டது. முன் வரிசையில் ஒரு பெண் எழுந்து வந்தாள். அங்கேயே காதுத் தோட்டைக் கழற்றி என் துண்டில் போட்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி வளையலைப் போட்டாள். ஆண்கள் மோதிரத்தைக் கழற்ற எச்சில் தொட்டுத் திருகினார்கள். துண்டு கனத்துக்கொண்டே வந்தது. அரிசியைப் போல அது இடுப்புக்குத் தெரியும் கனமில்லை, மணிக்கட்டில் இறங்கியது. இடுப்பில் அந்த மஞ்சள் முடிச்சு உறுத்திக்கொண்டிருந்தது.

அந்தக் கூட்டத்தினால் ஊசி வந்தது. எல்லோருக்கும் வந்தது. செத்துப்போவார்கள் என்று நாங்கள் பாயைத் தயாராக வைத்திருந்த நோயாளிகள் எழுந்து நடந்து பஸ் ஏறி ஊருக்குப் போனார்கள். அதை நான் கண்ணால் பார்த்தேன். ராவுத்தர் என்னை நிதிக் காரியதரிசி ஆக்கினார். மூட்டை தூக்கியவனுக்கு நாற்காலி போட்டார். கரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று அனுப்பினார். போன இடத்தில் எல்லாம் உட்கார்ந்தேன்.

6

மரகதம் குணமாகிவிட்டாள். அதற்கப்புறம்தான் கஷ்டம் தொடங்கியது.

எங்கே அழைத்துப் போவது? அவள் முகம் இரண்டு ஊருக்கும் தெரிந்துவிட்டது. நான் போகும் வீடுகளில் எல்லாம் அவளைப் பற்றித்தான் விசாரிப்பு.

"அந்தப் பொண்ணு நன்னா இருக்காளோ? நாதியத்த கொழந்த. நித்தியம் அவளுக்காக ஒரு விளக்கு ஏத்தறேன்டாப்பா" என்பார் ஆண்டாளம்மாள்.

அவள் எனக்குப் பெண்டாட்டி என்று தெரிந்தால் அந்த விளக்கு என்ன ஆகும்? தோடு போட்டவள் என்ன நினைப்பாள்? மேடை போட்டு ஏமாற்றினார்கள் என்று ஒரு சொல் கிளம்பினால் விடுதிக்கு அரிசியும் இல்லை, ஊசியும் இல்லை.

ஒருநாள் இரும்புக் கடை முதலாளி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பழைய கோபம் எல்லாம் போய் அவர் என்னிடம் பிரியமாகிவிட்டிருந்தார்.

"ஒரு நல்ல காரியம், நீதான் முடிச்சுக் குடுக்கணும். நம்ம கடையில ஆணி நிறுக்கிறானே, அவனுக்கு அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணக் கட்டி வெச்சுடலாம்னு பாக்குறேன். சீர் செனத்தி என் பொறுப்பு. நீ போயி அதுக்கிட்ட கேட்டுச் சொல்லு."

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். விடுதியில் அப்போது அவள் சமையலுக்கு உதவிக்கொண்டிருந்தாள். ஸ்டோரில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நோய் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"மாப்ள என்ன வேல?"

"ஆணி நிறுக்கிறாராம்."

"தேவலாமே. அரிசிக்காரன் ஒருத்தனக் கட்டினேன், வாசல்ல நிக்கிறான், உள்ள வர மாட்டேங்கிறான்."

சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் சாக்குகளை அடுக்கிக்கொண்டே நின்றேன். யாரோ வரும் சத்தம் கேட்டது.

ராவுத்தரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நாமளே கட்டுன மேட தம்பி, எறங்கப் படி வெக்க மறந்துட்டோம்" என்றார். அவருடைய மருமகனுக்கு ஈப்போவில் மளிகைக் கடை. ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார். அனுமதிக்கு அலைந்து வாங்கிக் கொடுத்தார். நான் ஒரு பஸ்ஸிலும் அவள் ஒரு பஸ்ஸிலுமாக நாகப்பட்டினம் போனோம். கப்பல் கரையை விட்டு விலகியதும், மேல்தட்டில் ஜனங்கள் கட்டுச்சோறு பிரித்துத் தின்றுகொண்டிருந்த இடத்தில், அந்த முடிச்சை அவிழ்த்துத் தாலியைத் திரும்பக் கட்டினேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. பக்கத்திலிருந்த கிழவர் மட்டும், "அந்து போச்சா? கப்பல் கயிறு மாதிரி கெட்டியா முடி போடுய்யா" என்றார்.

பினாங்கில் எங்களைப் பக்கத்துத் தீவுக்குக் கொண்டுபோய் நோய்ச் சோதனைக்கு நிறுத்தினார்கள். அதிகாரி அவளைக் காட்டி யார் என்று கேட்டார். "என் பெண்டாட்டி" என்றேன். வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். என் ஆயுளில் நான் உரக்கப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

7

கமிட்டிக்கு மறுநாள் மரகதம் தோட்டத்துக்குப் போய் அஞ்சலையைப் பார்த்துவிட்டு வந்தாள். "நாளைக்குக் கட மார்க்கெட்னு எங்க போனாலும் அவளக் கைகாட்டுவாங்க. அவ மகளுக்குக் கல்யாணம் பேசுறப்பகூடக் கைகாட்டுவாங்க. வேணாங்க" என்றாள். நான் கமிட்டியில் மேடை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை.

சந்திரனுக்கு வருத்தம். "உங்க இஷ்டம்ணே. ஆனா ஆகாதுண்ணே. சொல்லிட்டேன்."

நாங்கள் இருவருமாகக் கடைகளுக்குப் போனோம். வசூலுக்கு மரகதம் என்னோடு வந்தது அதுவே முதல் தடவை. நான் வழக்கம்போல உட்கார்ந்தேன். அவள் லயத்து வீடுகளைப் பற்றிச் சொன்னாள், எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், யாருக்கு எங்கே வேலை போயிற்று என்று. கொடுத்தார்கள். ஆனால் கொடுப்பதை எல்லோரும் அளந்துதான் கொடுத்தார்கள்.

கடைத்தெருக் கோடியில் புதிதாக ஒரு ஜவுளிக் கடை. முதலாளிக்கு என் வயதிருக்கும். நாற்காலி போட்டார். மரகதம் பேசப் பேச அவர் துணியை மடிப்பதை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"அம்மாவுக்கு எந்த ஊருங்க?"

"திருச்சிங்க."

"நமக்கும் திருச்சிதாங்க. வரகனேரி. உங்கள எங்கயோ…" அவர் எழுந்துவிட்டார். "ஸ்ரீரங்கம் சத்திரம். சயரோக விடுதிக் கூட்டம். எங்கம்மா காதுத் தோட்டக் கழட்டிப் போட்டாங்க. அன்னிலேருந்து சாகுற வரைக்கும் காதுல வேப்பங்குச்சிதாங்க. புதுசு வாங்கித் தரேன்னாக்கூட வேணான்னுட்டாங்க. அந்தப் பொண்ணு நீங்களா?"

இல்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன்.

"நான்தாங்க" என்றாள் மரகதம்.

"நல்லா இருக்கீங்களா! எங்கம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க, அந்தப் பொண்ணு என்னாச்சோ, யாருமே இல்லேன்னு சொன்னாளேன்னு…"

"இவர் இருந்தாருங்க. அன்னிக்கும் இவர்தான் என் வீட்டுக்காரர். உங்கம்மா குடுத்த தோட்டைத் துண்டுல வாங்கினவரும் இவர்தான்."

அவர் என்னைப் பார்த்தார். உட்கார்ந்தார். பாதி மடித்திருந்த வேட்டியை எடுத்து மடித்து முடித்தார். அடுத்ததை எடுத்தார். ஒரு வாடிக்கையாளர் வந்து விலை கேட்டார், அவருக்கும் பதில் சொல்லவில்லை. எத்தனையோ பேரை நான் இப்படிப் பேசாமல் உட்கார்ந்தே நெளிய வைத்திருக்கிறேன். அது எதிரில் இருப்பவனுக்கு எப்படி இருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது.

கடைசியில் அவர் கல்லாவைச் சாத்தினார். "போயிட்டு வாங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

தெருவில் வரும்போது மரகதத்திடம், "ஏன் சொன்ன?" என்று கேட்டேன்.

"அவங்கம்மா செத்துப் போயிட்டாங்கன்னாரே. அவங்களுக்குத்தான் சொன்னேன்."

வீட்டுக்கு வந்து பிள்ளைகள் இருவரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். தமிழில்தான் சொன்னாள். செல்வம் நடுவே எழுந்து போகவில்லை. முடிந்ததும், "அப்பா அந்தத் துண்ட ஏன் கீழ போடல?" என்று மட்டும் கேட்டான்.

8

முன்பணம் சேரவில்லை. சந்திரன் சொன்னதுதான் நடந்தது. சேராது என்று தெரிந்ததும் தீபாவளிக்கு முன்பே லாரிகள் வந்தன. சில குடும்பங்கள் வேறு தோட்டம் தேடிப் போயின. அஞ்சலையிடம் இருப்பது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அட்டை. இங்கேயே பிறந்தவள்தான், அதைக் காட்டப் பிறப்புப் பத்திரம் கிடையாது. வேறு தோட்டத்தில் வேலைக்கு எடுக்கவில்லை. தோட்டத் தொழிலாளர் சங்கம் இந்தியாவுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுத்தது. அதையாவது செய்ய முடிந்தது.

புறப்படுகிற அன்று பஸ் நிலையத்துக்கு மரகதமும் நானும் போனோம். இங்கே வந்த பிறகும் மரகதம் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்து வைப்பாள். வாங்கிப்போக ஆள் வராது. மாதக் கடைசியில் அவளே அதைப் பொங்கிவிடுவாள். அந்தப் பானையைச் சாய்த்து ஒரு பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அஞ்சலை அதை வாங்கிக்கொண்டாள். சின்ன மகள் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் மேடையில ஏறியிருந்தா நெலம் கெடச்சிருக்குமாமே? வாத்தியார் சொன்னாரு."

மரகதம் அவள் கையிலிருந்த பையின் முடிச்சை இறுக்கிக் கட்டினாள்.

"ஏறியிருப்பேனேக்கா. ஒரு நாளுதானே. நீங்க ஏன்க்கா வேணாம்னீங்க?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மரகதம் குழந்தையின் காலை மட்டும் தடவிக்கொண்டு நின்றாள். பஸ் வந்துவிட்டது.

நடந்ததை ஊருக்கு எழுதிவிட்டதாகச் சொன்ன ஜவுளிக் கடைக்காரரின் கடிதம் இதற்குள் உங்களில் சிலருக்கு வந்து சேர்ந்திருக்கும். அந்த மேடையைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றினாலும் அது உங்கள் உரிமை. அதற்காக இதை எழுதவில்லை.

அஞ்சலையின் தாத்தா தொட்டியம் பக்கத்திலிருந்து வந்தவராம். ஊர்ப் பெயர் அவளுக்குத் தெரியாது. ஆற்றங்கரை, வாழைத்தோட்டம், அவ்வளவுதான் தெரியும். நாகப்பட்டினத்தில் இறங்கித் திருச்சிக்கு வந்து அங்கிருந்து தேடிப் போவதாகச் சொன்னாள். மூத்தது பையன், சின்னது பெண். கையில் ஒரு பை அரிசி இருக்கும், இங்கத்துப் பச்சரிசி. உங்கள் வாசலில் அவள் வந்து நின்றால் யார் இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். யாரும் இல்லை என்பாள்.

அவள் சொல்வது உண்மை. நம்புங்கள்.